பழைய விறாந்தையைத் திருத்துவோம்

நீண்டகாலம் இடம்பெயர்ந்திருந்து சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் தேடிப்போவது கிணற்றையும் வீட்டையுமே. வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு விட்டுப்போன வீடாயினும் சரி, வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் விட்டுப்போன வீடாயினும் சரி, திரும்பி வந்தவர்கள் கண்ட காட்சி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஓடுகளும் மரங்களும் போய்விட்டன. நிலைகளும் யன்னல்களும் பெயர்க்கப்பட்டுவிட்டன. அறைகளுக்குள் ஆளுயரத்துக்கு மேல் பற்றை. ஆயினும் பல வீடுகளின் சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் முன்புறத்தில், அரைச்சுவர் வைத்து அடைத்த விறாந்தையும் உருக்குலையாமல் நிற்பதைப் பல இடங்களில் காணலாம்.

வீடு முழுவதையும் ஒரே முறையில் திருத்தப் பணம் வைத்திருப்பவர்களுக்கு இக்கட்டுரை தேவைப்படாது. ஒரு போகத்து வெங்காயம் விற்ற காசு, கூலிவேலையில் மிச்சம் பிடித்த கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் ஒருமுறை அனுப்பும் உதவி என்று கைக்கெட்டியது சிறிதாகவே உள்ள குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகின்றோம். அவர்கள் முதலில் விறாந்தையைத் திருத்தி அதற்குள் குடியிருந்துகொண்டு, பின்னர் ஒவ்வொரு போக வருமானத்திலும் ஒவ்வோர் அறையாக உள்ளே போகலாம். அவ்வாறு செய்வதானால் வேலைகளின் ஒழுங்கு முக்கியமானது. மழைநீரை வெளியே நிறுத்துவது முதல் வேலை; காற்றை உள்ளே விடுவது இரண்டாவது; மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தவர்களே இரண்டு தரம் செலவழிக்க நேர்ந்தது.

வெங்காயக் காசில் எழுந்த விறாந்தை

எமது முன்னோரின் நாற்சார் வீடுகளில் திண்ணையும் தலைவாசலும் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமும் இருந்தன. விறாந்தை என்ற சொல் யன்னல், அலுமாரி போன்று போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தது. இன்று நாம் திருத்த எடுத்துக்கொள்ளும் விறாந்தைகளில் அநேகமானவை அவ்வளவு பழையனவும் அல்ல. 1970 தொடக்கம் 1977 வரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையில் நல்ல காசு புழங்கியது. மண் வீட்டில் இருந்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். கல்வீடு வைத்திருந்தவர்கள் முன்னுக்கு ஒரு விறாந்தையை இறக்கினார்கள். ஏழு அல்லது எட்டு அடி அகலம், இரண்டரை மூன்று அடி உயரத்தில் குந்து, அதற்கு மேல் பனஞ்சிலாகை அல்லது இரும்புக் கிறில். காய்ந்த மிளகாய்ச் சாக்கையும் வெங்காயப் பிடிகளையும் இரவில் வெளியே விட்டுவிட்டுப் படுக்க முடியாது அல்லவா? வசதி கூடியவர்கள் சிலாகைக்குப் பதிலாகக் கண்ணாடி போட்டார்கள்.

இதை ஏன் சொல்கின்றோம் என்றால், விறாந்தை பெரும்பாலும் வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டதன்று, பின்னர் ஒட்டப்பட்டது. அதன் அத்திவாரம் வீட்டின் அத்திவாரத்தைவிட ஆழம் குறைந்தது. ஆகவே வீட்டுச் சுவரும் விறாந்தைச் சுவரும் சந்திக்கும் மூலையில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு இருக்கும். அதைக் கண்டு பயந்து சுவரை இடிக்கத் தொடங்க வேண்டாம். வெடிப்பின் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடு கீறி, இடைவெளியை அளந்து, திகதியையும் சுவரில் எழுதிவிடுங்கள். ஒரு மாரி கழிந்த பின்னும் அளவு மாறாவிட்டால் அது பழைய வெடிப்பு. இரண்டு அத்திவாரமும் தனித்தனியே அசைவதால், இறுகிய சீமெந்துக் கலவையை அதற்குள் எவ்வளவு திணித்தாலும் மறுபடியும் வெடிக்கும். அந்த மூலையைச் சுண்ணாம்புக் கலவையால் இலேசாக அடைத்துவிட்டு, மேலிருந்து நீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். குந்தின் நடுவில் படிபோலச் சரிந்து ஏறும் வெடிப்பு மட்டும் வேறு கதை. அதன் கீழ் அத்திவாரம் இருந்துவிட்டது என்பது பொருள். அந்தத் துண்டைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

கைவைக்க முன்னர்

பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வளவில் பற்றை வெட்டவோ நிலம் கிண்டவோ தொடங்கும் முன்னர், அந்த இடம் கண்ணிவெடி அகற்றும் பிரிவினரால் பார்க்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். சந்தேகமான பொருள் எதையும் தொடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள். இடிபாட்டுக் குவியலும் கிணற்றின் உள்ளும் விசேடமாகக் கவனிக்க வேண்டிய இடங்கள்.

அடுத்தது உறுதி. வீடு யாருடைய பெயரில் உள்ளது? சீதனமாக எழுதிய வீடா, சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்காகக் கிடப்பதா, குடியேற்றத் திட்டத்து அனுமதிப்பத்திரக் காணியா? செலவழித்த பின்னர் இக்கேள்வி எழும்பி, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய சகோதரர்கள் நீதிமன்றப் படி ஏறியதைக் கண்டிருக்கின்றோம். திருத்த உதவி கேட்டுப் போனாலும் முதலில் கேட்கப்படுவது இந்தப் பத்திரமே. வெளிநாட்டில் இருக்கும் பங்காளியிடம் தொலைபேசியில் கேட்ட சம்மதம் போதாது; எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கணக்கைப் பையில் எழுதுங்கள்

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் சில மாதங்களுக்குள் சீமெந்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரூபாவில் போட்ட திட்டம் அன்று ஒரே மாதத்தில் செல்லாக்காசாகியது. ஆகவே கொப்பியில் பை, ஓடு, அடி, ஆள்நாள் என்றே எழுதுங்கள். வாங்கப் போகும் நாளில் விலையைப் பெருக்கிக்கொள்ளலாம்.

20 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள ஒரு விறாந்தையை எடுத்துக்கொள்வோம். இரு புறமும் தாழ்வாரம் விட்டு, சரிவையும் சேர்த்தால் கூரை ஏறத்தாழ 240 சதுர அடி வரும். 100 சதுர அடிக்குச் சுமார் 150 கள்ளிக்கோட்டை ஓடு தேவை. எனவே உடைவுக்கும் சேர்த்து 380 ஓடு. இரண்டடிக்கு ஒன்றாக 11 கைமரம். குந்தின் இரு பக்கமும் வீட்டுச் சுவரின் ஒரு பக்கமும் பூசுவதற்கு 4 பை சீமெந்து. நிலத்தை முழுதாகப் புதிதாய்ப் போடுவதானால் 7 பை. வெடிப்பை மட்டும் திருத்துவதானால் ஒரு பை. கூரைப் பொருத்துக்கும் சுவர் உச்சிக்கும் இன்னும் ஒரு பை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தில் பாதி கூரைக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும்.

கலவையைக் கண்மட்டத்துக்குக் கலக்க விடாதீர்கள். 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள ஒரு மரப்பெட்டி ஏறத்தாழ ஒரு பை சீமெந்துக்குச் சமன். அடியில்லாத பெட்டியாகச் செய்தால் மணலை நிரப்பிவிட்டுத் தூக்கிக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஐந்து என்றால் ஐந்து பெட்டி மணல். ஆறும் அல்ல, நாலும் அல்ல. கடற்கரை மணல் மலிவாய்க் கிடைக்கின்றது என்று வாங்கினால், அதிலுள்ள உப்பு பூச்சை உதிர்த்துக் கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். மற்ற மணலையும் சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே நீரும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேறு, மணலின் உயரத்தில் பத்திலொரு பங்கைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவாமல் பாவிக்கக்கூடாது.

சீமெந்தை வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் அடுக்கி வைத்தாலும் மூன்று மாதம் கிடந்த சீமெந்து தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும்.

கூரை

வளவைச் சுற்றிப் பார்த்தால் பழைய ஓடுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அவற்றைக் கழுவிக் காயவைத்து, கையில் தொங்கப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. அடைத்த சத்தம் வந்தால் உள்வெடிப்பு. அதைத் தாழ்வார நிலத்துக்கு ஒதுக்கிவிடலாம். மரத்துக்கு வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையை விடச் சிறந்தது எமது மண்ணில் இல்லை. ஆனால் பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பழைய பனங்கைமரம் கிடைத்தால், சுவருக்குள் இருந்த நுனிகளை ஆணியால் குத்திப் பாருங்கள். கறையானும் ஈரமும் அங்கிருந்தே தொடங்கும். நுனியில் ஓரடியை அறுத்தெறிந்தால் மிகுதி மரம் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

ஓட்டுக்கூரைக்குச் சரிவு ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் வாடைக் காற்றோடு வரும் மழை ஓட்டின் கீழாலே ஏறி உள்ளே சொட்டும். எட்டடி அகலத்துக்கு நாலடி இறக்கம். வீட்டுச் சுவர் 11 அடி என்றால் முன்பக்கம் 7 அடிக்கு வரும், நன்று. சுவர் 10 அடிதான் என்றால் முன்பக்கம் 6 அடி. அதற்கு வெளியே தாழ்வாரம் இரண்டடி நீளும்போது அதன் உயரம் 5 அடியாகிவிடும். வீட்டுக்கு வருபவர் எல்லோரும் தலை குனிந்தே வர வேண்டியிருக்கும். இப்படியான விறாந்தைகளில் பழைய மேசன்மார் சரிவைக் குறைத்து ஓடு போட்டார்கள். அதனாலேயே அவை கட்டிய நாளிலிருந்து ஒழுகின. இங்கே ஓட்டை விட்டுவிட்டுத் தகடு போடுவதே புத்தி. தகட்டுக்கு அடிக்கு இரண்டரை அங்குலச் சரிவு போதும். வெக்கை கூடும் என்பது உண்மை. தகட்டுக்கு மேல் கிடுகு வேய்ந்து, அது பறக்காமல் பனம்வரிச்சு வைத்துக் கட்டினால் பெருமளவு தணியும்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் விறாந்தையில் மிஞ்சியிருந்தால் மிகவும் கவனம் தேவை. நீல அஸ்பெஸ்ரஸ் இலங்கையில் 1987 ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளையும் நுரையீரலுக்குப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியதே. உடையாத சீற்றை அப்படியே விடலாம். அதை அரியவோ, கம்பித் தூரிகையால் உரஞ்சவோ, உடைத்து நிலத்துக்குப் போடவோ கூடாது. கழற்றுவதானால் நன்றாக நீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு முழுதாக இறக்குங்கள். பிள்ளைகளை அன்றைக்கு அயலில் விட்டுவிடுங்கள்.

விறாந்தை ஒழுகும் இடம் பத்தில் எட்டில் ஒன்றே: விறாந்தைக் கூரை வீட்டுச் சுவரில் முட்டும் கோடு. சுவரோடு ஓட்டைச் சேர்த்துச் சீமெந்து அப்பிவிட்டால் ஒரு வெயிலோடு அது வெடித்துவிடும். செய்ய வேண்டிய முறை வேறு. ஓட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுவரின் நீளத்துக்கு ஓரங்குல ஆழத்தில் ஒரு தவாளிப்பு வெட்டுங்கள். ஓரடி அகலமான கல்வனைஸ் தகட்டின் மேல் விளிம்பை மடித்து அதற்குள் செருகி, ஒன்றுக்கு மூன்று கலவையால் இறுக்குங்கள். தகட்டின் கீழ்ப்பகுதி ஓட்டின் மேல் தளர்வாகப் படிந்திருக்கட்டும். கூரை அசைந்தாலும் தகடு அசையும். நீர் உள்ளே போகாது. இரண்டு தகடு சேரும் இடத்தில் ஆறங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும்.

வீட்டின் உட்பகுதிக்கு இன்னும் கூரை இல்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். திறந்து கிடக்கும் சுவரின் தலையில் விழும் மழை சுவருக்குள்ளாலேயே இறங்கி விறாந்தைப் பூச்சை ஊதச் செய்யும். சுவர் உச்சியில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதை அறுத்து, வேரைத் தோண்டி எடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் சரியும்படி ஒன்றுக்கு நாலு கலவையால் மூடி, மேலே உடைந்த ஓடுகளைப் பதித்துவிடுங்கள். கூரையில்லாத அறைகளும் மாரியில் தொட்டிகளாகிவிடும். அந்த நீர் சுவரடியால் கசிந்து விறாந்தை நிலத்தை நனைக்கும். பின்சுவரின் அடியில் நில மட்டத்தில் இரண்டு மூன்று துவாரங்கள் உடைத்து நீரை வெளியேற்றுங்கள். பின்னர் அவ்வறையைத் திருத்தும்போது ஒரு சிறு கல்லால் அடைத்துவிடலாம். இந்த வேலைக்குக் காசே இல்லை. ஆனால் செய்பவர்கள் குறைவு.

கூரையைக் கட்டிவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைக் கடந்து வடக்கை உலுப்பிய புரெவிப் புயலில் தூக்குண்ட கூரைகளை எண்ணிப் பாருங்கள். முன்பக்கம் திறந்த விறாந்தைக்குள் காற்று புகுந்தால் வெளியேற வழியின்றிக் கூரையை மேலே தூக்கும். ஒவ்வொரு கைமரத்தையும் வளையோடு இரும்புப் பட்டியால் அல்லது தடித்த கம்பியால் கட்டி, வளையைத் தூணோடும் பிணையுங்கள். தகடு என்றால் ஆணி அறையாமல் கொளுக்கி ஆணி போட்டு, ஓரங்களில் நெருக்கமாகப் பூட்டுங்கள்.

பீலி வேண்டுமா? மூடிய தொட்டி கட்டி மழைநீர் சேர்க்க எண்ணியிருந்தால் வேண்டும். 240 சதுர அடிக் கூரையில் ஒரு சென்ரிமீற்றர் மழை பெய்தால் இருநூறு லீற்றருக்குக் குறையாத நீர் கிடைக்கும். கிணறு உவர்ப்பாகிவிட்ட இடங்களில் இது சிறிய விடயமல்ல. தொட்டி இல்லையென்றால் பீலிக்குச் செலவழிக்காதீர்கள். குப்பை அடைத்து நீர் தேங்கும் பீலி டெங்கு நுளம்பின் தொட்டில். 2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்குவால் பீடிக்கப்பட்டதை மறக்க முடியாது. தாழ்வாரத்தை இரண்டடி வெளியே நீட்டி, நீர் விழும் கோட்டில் உடைந்த ஓடும் கல்லும் பரப்பி, வெளிப்புறம் சரிய விட்டால் சுவரில் சேறு தெறிக்காது.

சுவர்

யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவற்றின் மேல் இறுகிய சீமெந்தைப் பூசினால், சுவருக்குள் ஏறும் நிலத்து ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளிவிடும். ஊதிக் கிடக்கும் பூச்சைத் தட்டிப் பார்த்து, வெறுஞ்சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பூச்சை மேசன் கொத்தச் சொன்னாலும் இணங்காதீர்கள். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற கலவை பழைய சுவருக்குப் பொருந்தும், சீமெந்தும் மிச்சமாகும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடலாம் என்பதால் பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

கொங்கிறீற் தூண்களில் கம்பி தெரியுமளவுக்கு உதிர்ந்திருந்தால், முதலில் கூரை வளைக்கு முட்டுக் கொடுத்துவிட்டே தொட வேண்டும். தளர்ந்ததை உடைத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, சீமெந்துப் பால் தடவி, அது காயுமுன் ஒன்றுக்கு மூன்று கலவையால் மூடுங்கள். கம்பி பென்சில் மொத்தத்துக்கு மெலிந்து போயிருந்தால் அந்தத் தூணை நம்ப வேண்டாம். பூச்சு எதுவாயினும் ஏழு நாள் காலையும் மாலையும் நீர் தெளிப்பது வீட்டாரின் வேலை. மேசன் அதற்காக வரமாட்டார்.

கண்ணாடியும் வெயிலும்

கூரை முடிந்ததும் ஆலோசனை சொல்பவர்கள் வந்துவிடுவார்கள். “அண்ணை, நிலத்துக்கு மாபிள் போட்டு முன்னுக்குக் கண்ணாடி அடிச்சுவிட்டால் வீடு எடுப்பாய் இருக்கும்” என்று மேசன் சொல்லுவார். கனடாவில் இருக்கும் மைத்துனர் தன் வீட்டுப் பின்புறத்தில் கண்ணாடியால் அடைத்த விறாந்தையைப் படம் பிடித்து அனுப்புவார். அங்கே அது நல்ல ஏற்பாடு. குளிர்காலத்தில் கிடைக்கும் கொஞ்ச வெயிலைப் பிடித்து அடைத்து வைப்பதற்காகவே அதைக் கட்டுகின்றார்கள். வெயில் கண்ணாடியூடாக உள்ளே வரும். உள்ளே சூடான காற்று வெளியே போக முடியாது. இதே காரணத்தால்தான் அது எமக்கு ஆகாது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் பிற்பகுதியிலும் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. மேற்குப் பார்த்த கண்ணாடி விறாந்தை பின்னேரம் இரண்டு மணிக்குப் பின் போறணையாகிவிடும். அதற்குள் பிள்ளை படிக்க முடியாது, வயலால் வந்தவர் சரிய முடியாது, வெங்காயம் அவிந்துவிடும்.

ஆகவே விறாந்தையை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடைக்காமல், காற்றையும் மழையையும் பார்த்து அடைக்க வேண்டும். மாரி மழை வாடையோடு வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடிக்கும். அந்தப் பக்கங்களில் குந்துக்கு மேல் பனஞ்சிலாகையை வெளிப்புறம் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒன்றன் விளிம்பை மற்றது மறைக்கும்படி அறைந்தால் தூவானம் உள்ளே வராது, காற்று வரும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகம் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது. அந்தப் பக்கத்தை இயன்றளவு திறந்து விட்டு, வேண்டுமானால் கம்பிவலை மட்டும் அடியுங்கள். நுளம்புக்கும் அது காவல்.

மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் தாழ்வாரம் அதை மறைக்காது. அதற்குக் கமக்காரரிடம் காசில்லாத மருந்து உண்டு. சுவருக்கு மூன்றடி தள்ளிப் பந்தல் போட்டுப் பாகலோ முசுட்டையோ படர விடுங்கள். வெயில் காலத்தில் நிழலும் கறியும் கிடைக்கும். கொடி சுவரில் படரக்கூடாது. ஈரமும் கறையானும் அதன் வழியே ஏறும்.

சூடான காற்று மேலெழுந்து நிற்பதால், முன்பக்க வளைக்கும் கூரைக்கும் இடையில் உள்ள வெளியைச் சீமெந்தால் அடைத்துவிடாமல், வெளவால் நுழையாதவாறு வலை மட்டும் பிடியுங்கள். பழைய கண்ணாடிச் சட்டங்கள் மிஞ்சியிருந்தால் எறிய வேண்டாம். அவற்றைக் கிழக்குப் பக்கத்தின் மேல் வரிசையில், திறந்து மூடும்படி பிணைச்சல் போட்டுப் பொருத்தலாம். உள்ளே வெளிச்சம் போதாது என்றால் முழுச்சுவரைக் கண்ணாடியாக்குவதைவிடக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு வைப்பது மேல். பிள்ளையின் மேசைக்கு மேலே ஒன்று, அடுப்படியாகப் பாவிக்கும் மூலைக்கு மேலே ஒன்று.

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 ஒக்ரோபரில் தொடங்கியபோது புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், சேதமான வீட்டைத் திருத்துவதற்கு 250,000 ரூபாவும் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தன. வேலையை வீட்டாரே நடத்தினார்கள்; அது நல்ல முறை. அந்தப் பணத்துக்குள் முடிக்கத்தக்க வீட்டை முடித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பெரிய வாசலும் அலங்காரத் தூணும் வைக்கப் போய் நகையை அடகு வைத்தவர்களும், வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒளித்தவர்களும் பலர். நிலத்து மாபிளுக்காகக் கடன் எடுப்பதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். மேசனுக்கு வீட்டுக்காரி சொல்ல வேண்டிய பதில், “தம்பி, முதல் தூவானம் அடிக்காமல் செய்து தாரும்; மாபிளைப் பிறகு பாப்பம்” என்பதே.

நிலமும் மிகுதியும்

பழைய சிவப்புச் சீமெந்து நிலம் வெடித்திருந்தாலும் பெரும்பாலும் அடித்தளம் இறுகியே இருக்கும். வெடிப்பை உளியால் அகலமாக்கி, தூசியைக் கழுவி, நனைத்து, சீமெந்துப் பால் விட்டு, ஒன்றுக்கு மூன்று கலவையால் நிரப்புங்கள். நிறம் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். தெரியட்டும். புதிதாகப் போடுபவர்கள் எட்டடி அகலத்துக்கு ஓரங்குலம் வெளிப்புறம் சரிய விட மறக்கக்கூடாது. நெல் மூட்டைகளைச் சீமெந்து நிலத்தில் நேரே வைக்காமல் கல்லுக்கு மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். வெங்காயப் பிடிகளைத் தொங்கவிட வளைக்குக் குறுக்கே இரண்டு பனஞ்சலாகைகளை இப்போதே கட்டிவிடலாம். நிறப் பெயின்ற் ஒன்றும் வேண்டியதில்லை. இரண்டு தரம் வெள்ளை அடித்தால் வெயிலும் திரும்பும், இருட்டும் குறையும்.

வேலைக்கு ஏற்ற காலம், காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனி. தவறினால் ஆடி, ஆவணி. நாலு குடும்பம் சேர்ந்து கைமாற்றாக வேலை செய்தால் மண் சுமக்கவும் ஓடேற்றவும் கூலி கொடுக்கத் தேவையில்லை. மேசனுக்கும் தச்சருக்கும் மட்டும் கூலி கொடுத்தால் போதும். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே லோட்டில் மணல் இறக்கினால் அதிலும் மிச்சம் உண்டு.

புரட்டாதியில் முதல் மழை பெய்யும்போது வீட்டில் ஒருவர் கரிக்கட்டியும் கையுமாக விறாந்தைக்குள் நிற்கட்டும். எங்கே சொட்டுகின்றதோ அதற்கு நேர் மேலே சிலாகையில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். நீர் விழும் இடத்துக்கும் ஓடு உடைந்த இடத்துக்கும் இடையில் இரண்டு மூன்று அடி வித்தியாசம் இருக்கும். உடைவு சரிவின் மேற்பக்கத்திலேயே உள்ளது. மழை விட்டு ஓடு காய்ந்த பின்னர், ஏணியைக் கைமரத்தில் சார்த்தி, அடையாளத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் ஓடாகத் தூக்கிப் பார்த்து மாற்றுங்கள். அதற்காக இருபது ஓட்டை முதலிலேயே ஒதுக்கி வைத்திருப்பது நல்லது.